பாமசிப் படிப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி (களுவாஞ்சிக்குடி)

களுவாஞ்சிக் குயில்

எல்லாருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மூன்று பாடமும் சித்தி, இரசாயனவியலில் சீ தரம். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி எனக்குக் காணாது. இன்னொரு தரம் எடு என்று அம்மா நிற்கிறார், எனக்கு அதில் மனமில்லை. மருந்துக்கடை வேலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் 'பாமசி டெக்னீசியன் டிப்ளோமா' என்று ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. முடித்தால் வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருவோம் என்கிறார்கள். முதல் தவணைக் காசை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். அந்தச் சான்றிதழை வைத்து நாளைக்கு நான் என்ன செய்யலாம்? கடையில் நிற்கலாமா? ஆசுபத்திரி வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்குக் கணக்கு என்றால் கொஞ்சம் பயம். இந்தத் தொழிலில் எவ்வளவு கணக்கு வரும்?

கல்முனைக் கவுண்டர்

தங்கச்சி, முதலில் அந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். அவசரப்படுத்தி வாங்குகிற காசு எதுவாக இருந்தாலும் ஒருக்கா நின்று யோசிக்க வேண்டும்.

நான் கல்முனையில் தனியார் பாமசியில் நிற்கிறவன், நிறைய வருடமாக. இந்த நாட்டில் மருந்தாளர் என்று சொல்லிக்கொள்ள இலங்கை மருத்துவப் பேரவையில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பாமசி நடத்த அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. அதற்கு முன் 1980இன் 27ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. கடைக்குள் எத்தனை பேர் நின்றாலும் மருந்துக்குப் பொறுப்பு அந்தப் பதிவுபெற்ற மருந்தாளர்தான். மற்ற நாங்கள் எல்லாம் உதவியாளர்கள். ஆறு மாத டிப்ளோமா எடுத்தவரும் எங்களோடுதான் நிற்பார், அவரோடு அல்ல.

பதிவுக்குப் போக மூன்று வழி. ஒன்று பி.பாம். என்கிற மருந்தாளர் பட்டம். யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் உண்டு, அதற்கு இசட் புள்ளி வேண்டும். இரண்டாவது, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்து, உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்துப் பயிற்சிக்கு எடுப்பது. மூன்றாவதைத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராக முறைப்படி பதிந்து, வேலை பழகி, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை வைக்கும் சோதனையை எழுதுவது. அதற்கு விஞ்ஞானப் பிரிவும் இரசாயனவியலும் கேட்பார்கள். உங்களிடம் இரண்டும் இருக்கிறது. அந்த வருடத்து அறிவித்தலில் தகுதி என்ன என்பதை மட்டும் நீங்களே வாசித்துப் பாருங்கள், யாரும் சொன்னதை நம்ப வேண்டாம், நான் சொன்னது உட்பட.

உங்கள் இரசாயனவியல் சீ அந்த டிப்ளோமாவை விடப் பெறுமதி. அதை வைத்துக்கொண்டு ஏன் கீழ்ப்படியில் காசு கட்டுகிறீர்கள்?

பொத்துவில் பொடியன்

கவுண்டர் அண்ணா சொன்னது விஞ்ஞானம் படித்தவர்களுக்கு. நான் கலைப்பிரிவு. எனக்கு என்ன வழி? கடையில் மூன்று வருடமாக நிற்கிறேன், சாமான் இறக்குவது, அடுக்குவது, பில் போடுவது. ஒரு பேப்பரும் கையில் இல்லை.

கல்முனைக் கவுண்டர்

தம்பி, உங்களுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) வழிதான் நேர்மையான வழி. அதில் மட்டங்கள் இருக்கின்றன: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வேலை செய்து பழகியவர்களைப் பரீட்சித்து, முன் கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் இருக்கிறது. வகுப்பில் போய் முதலிலிருந்து இருக்க வேண்டிய தேவை இல்லாமலும் போகலாம். நைட்டாவிலும் (பயிலுநர் பயிற்சிக்கான அரச அதிகாரசபை) தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் 'வாங்க பார்ப்போம்' என்றுதான் சொல்வார்கள்.

கட்டார்க் காற்று

குயில் தங்கச்சி, வெளிநாட்டு வேலை என்று அவர்கள் சொன்னதைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் ஏறாவூர், வளைகுடாவில் இருக்கிறேன்.

இங்கே பாமசியில் மருந்து கொடுக்கிற பதவிக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு முன் டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு. உங்கள் சான்றிதழை அவர்கள் உங்களிடம் கேட்டு முடித்துவிட மாட்டார்கள், அதைக் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். 'இந்தப் பிள்ளை உங்களிடம் படித்ததா, எத்தனை மணித்தியாலம், உங்களை அங்கீகரித்தது யார்' என்று. பதில் வராவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கும். அதைத் தாண்டினால் புரோமெட்ரிக் பரீட்சை, கணினியில், ஆங்கிலத்தில்.

என் மச்சினனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். கட்டணம் முழுக்கக் கட்டினான், பட்டமளிப்பு விழாவில் தொப்பியும் போட்டான், படமும் எடுத்தான். சரிபார்ப்புக் கடிதம் போனபோது அந்த நிலையம் பூட்டியிருந்தது. காசும் போய், காலமும் போயிற்று. இப்போது அவன் இங்கே சுப்பர்மார்க்கெட்டில் நிற்கிறான், பாமசி ராக்கைக்குப் பக்கத்து ராக்கையில்.

ஆகவே அந்த இடத்தில் இப்படிக் கேளுங்கள்: 'மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நீங்கள் பதிந்திருக்கிறீர்களா? இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா?' இரண்டும் இரண்டு கேள்வி. நிலையம் பதிந்திருக்கும், பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. சுவரில் மாட்டியிருக்கிற பதிவுச் சான்றிதழைக் காட்டி 'நாங்கள் பதிவு செய்த இடம்' என்பார்கள். அது முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

மட்டு இரசாயனம்

மகள், நான் உயர்தர இரசாயனவியல் கற்பிக்கிறவன். கணக்குப் பயத்தை என்னிடம் விடுங்கள்.

மருந்துக் கணக்கில் பெரும்பகுதி ஆறாம் வகுப்பு விகிதம். பாணி மருந்தை எடுப்போம். பிள்ளையின் நிறை 12 கிலோ. பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கிறது. 180ஐ 120ஆல் பிரித்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலீட்டர். அவ்வளவுதான். ஆனால் வீட்டுத் தேக்கரண்டியால் 7.5ஐ அளக்க முடியாது, அளவுக் கோப்பையோ சிரிஞ்சோ கொடுக்க வேண்டும். கணக்குச் சரியாகி மருந்து பிழைக்கிற இடம் அதுதான்.

சதவீதமும் அப்படித்தான். 1 சதவீதம் என்றால் 100 மில்லிலீட்டரில் 1 கிராம், அதாவது ஒரு மில்லிலீட்டரில் 10 மில்லிகிராம். லிக்னொகெயின் 2 சதவீதம் என்றால் மில்லிலீட்டருக்கு 20. அட்ரினலின் '1:1000' என்றால் மில்லிலீட்டருக்கு 1 மில்லிகிராம். இந்த மூன்றும் மனதில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். செறிவு, மோல் எல்லாம் படித்து சீ எடுத்த பிள்ளை இதற்குப் பயப்படுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

ஓ.பி.டி. அக்கா

அரச ஆசுபத்திரியில் மருந்தாளராக இருக்கிறேன், எந்த ஆசுபத்திரி என்று கேட்க வேண்டாம். சேர் சொன்னது சரி, கணக்குப் பெரிய விசயமில்லை. வாசிப்பதுதான் விசயம்.

கிளினிக் நாளில் காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். கொப்பியை யன்னலால் நீட்டுவார்கள், அதில் டாக்டரின் கையெழுத்து. பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, மானே காலை, நொக்டே இரவு, பி.ஆர்.என். தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் உடனே. இவை ஒரு கிழமையில் பழகும். பெயர்கள் அப்படிப் பழகாது. காபமசெப்பீன் வலிப்புக்கு, காபிமசோல் தைரொயிட்டுக்கு. ஹைட்ரலசீன் பிரஷருக்கு, ஹைட்ரொக்சிசீன் கடிக்கு (அரிப்புக்கு). ஒரே ராக்கையில் எழுத்து வரிசையில் அடுக்கினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். நாங்கள் வேண்டுமென்றே பிரித்து வைப்போம்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது மெதொட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும்போது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கிற குளிசை. மற்ற எல்லாக் குளிசையும் தினமும் குடித்துப் பழகிய ஆள் இதையும் தினமும் குடித்தால் எலும்பு மச்சை தாக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. உறையில் 'கிழமைக்கு ஒரு முறை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் காணாது. 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று கிழமையின் பெயரை எழுத வேண்டும். பிறகு அந்த ஆளிடமே 'எந்த நாள் குடிப்பீங்க?' என்று கேட்டு, அவர் வாயால் பதில் வர வேண்டும். தலையாட்டினால் நான் விடமாட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.

குளிசை எண்ணுவதற்குத் தட்டும் கரண்டியும் இருக்கிறது, கையால் தொடக்கூடாது. புதிய பெட்டி வந்தால் பின்னுக்கு வைத்து, காலாவதி முந்தி வருவதை முன்னுக்கு இழுக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான், யாரும் விளம்பரத்தில் போடாத பாதி.

நிந்தவூர்த் தாத்தா

(எங்கள் பக்கம் தாத்தா என்றால் அக்கா, யாழ்ப்பாணத்து ஆட்கள் என்னைக் கிழவராக்க வேண்டாம்.)

எங்கள் பக்கம் வேலை பழகுகிறவர்களுக்கு ஒரு விசயம் யாரும் புத்தகத்தில் சொல்லித்தருவதில்லை. நோன்பு மாதம். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டில் மூன்று வேளை என்று இருக்கும், நோன்பு பிடிக்கிறவர் பகலில் ஒன்றும் குடிக்க மாட்டார். கடைக்கு வந்து 'மூன்றையும் சஹருக்கும் (விடியுமுன் சாப்பிடுகிற நேரம்) நோன்பு திறக்கிற நேரத்துக்கும் பிரிச்சுத் தாங்க' என்பார். நீங்களாகப் பிரிக்கக்கூடாது. அதுவும் சீனி வருத்தக்காரர் என்றால் கூடவே கூடாது, பகல் முழுக்கச் சாப்பாடு இல்லாமல் சீனி இறங்கினால் ஆள் விழுந்துவிடுவார். நோன்பு தொடங்குவதற்கு முன்னமே டாக்டரைக் காணச் சொல்லி அனுப்ப வேண்டும். நாளுக்கு ஒரு தடவை குடிக்கிற மாதிரி மாற்றுமருந்து இருக்கலாம், அளவைக் குறைக்கலாம், அது அவர் வேலை. நான் நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கிவிடுவேன். சிலர் 'உங்களுக்கு என்ன, மருந்து தாங்க' என்று கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

இன்சுலினும் இந்த வெயிலும் இன்னொரு தலையிடி. திறக்காததை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்துபோனால் பிறகு இளகினாலும் பாவிக்கக்கூடாது. 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் போனபோது பாமசிக்காரர் நாங்கள் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவே பயந்தோம். வாங்கிப் போகிறவரிடம் 'பஸ்ஸில் போறீங்களா, எவ்வளவு நேரம்?' என்று கேளுங்கள். பொத்துவிலுக்குப் போகிறவருக்கு ஐஸ் பை இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பொத்துவில் பொடியன்

தாத்தா, பொத்துவிலை இழுத்துவிட்டீங்களே. உண்மைதான், அக்கரைப்பற்றில் ஏறி வீட்டுக்கு வர மதியமாகிவிடும்.

ஒரு சந்தேகம். எங்கள் கடையில் துண்டு இல்லாமல் அமொக்சிசிலின் கேட்டு வருகிறார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். முதலாளி 'குடு' என்கிறார். நான் என்ன செய்வது?

ஓ.பி.டி. அக்கா

தம்பி, அது துண்டுக்கு மட்டும் கொடுக்கிற மருந்து. சளிக்கும் தடிமனுக்கும் அது வேலை செய்யாது, அவை பெரும்பாலும் வைரஸ். இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகிறது. பென்சிலின் ஒவ்வாமை இருக்கிற ஆளுக்குக் கொடுத்தால் கடை வாசலிலேயே மூச்சு அடைக்கலாம். முதலாளியோடு சண்டை பிடிக்க வேண்டாம். 'மருந்தாளர் இருக்கிற நேரம் வாங்க, அவர் பார்த்துச் சொல்வார்' என்று சொல்லுங்கள். கடையில் மருந்தாளர் வருவதே இல்லை, சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது என்றால் வேறு கடை பாருங்கள். அப்படியான இடத்தில் பழகியது தொழிலே இல்லை.

கல்முனைக் கவுண்டர்

//சான்றிதழ் மட்டும் சுவரில்//

அக்கா தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டார் 😀 எல்லாருக்கும் தெரிந்ததுதான். குயில் தங்கச்சிக்கு இது முக்கியம். பயிலுநராகச் சேரும்போது உங்கள் பெயரைப் பதிகிற மருந்தாளர் தினமும் கடையில் நிற்கிறவரா என்று பாருங்கள். சும்மா வாடிக்கையாளர் மாதிரி வெவ்வேறு நேரத்தில் போய் நின்று பாருங்கள். அவர் வாயால் ஒரு நோயாளியோடு கதைப்பது காதில் விழுந்தால் சரி.

லண்டன் மழை

ஆரையம்பதி, இப்போது இங்கிலாந்து. இங்கே 'பாமசி டெக்னீசியன்' தனித் தொழில். 2011 ஜூலையிலிருந்து பொது மருந்தியல் பேரவையில் பதியாமல் அந்தப் பெயரைப் பாவிக்கவே முடியாது. மருந்தாளரின் மேற்பார்வையில் குறைந்தது இரண்டு வருடம் வேலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வகுப்பில் மட்டும் இருந்து யாரும் ஆக முடியாது. வோர்டுக்குப் போய் நோயாளி வீட்டில் என்னென்ன மருந்து குடித்தார் என்று கேட்டு எழுதுவது, மற்றவர் எடுத்து வைத்த மருந்தைக் கடைசியாகச் சரிபார்ப்பது எல்லாம் அவர்களும் செய்கிறார்கள்.

ஊரில் அதே பெயரை ஆறு மாதப் படிப்புக்கு ஒட்டி விற்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தச் சான்றிதழை இங்கே கொண்டுவந்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்பாறை வீதி

எல்லாரும் பெரிய விசயம் கதைக்கிறீர்கள், நான் சின்ன விசயம் சொல்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் வேலை என்றால் சிங்களம் வேண்டும். எழுதத் தெரியாவிட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். உதே, தவல், ரே என்றால் காலை, பகல், இரவு. சாப்பாட்டுக்கு முன் 'கேமட்ட கலின்', சாப்பிட்டபின் 'கேமென் பஸ்ஸே'. இதைத் தெரியாமல் விரலைக் காட்டி மூன்று என்று சொன்னால் அவர் மூன்று குளிசையை ஒரே தடவையில் போடுவார். மகாஓயா, உகனை ஆட்கள் கிளினிக்குக்கு வருகிற இடத்தில் இது தினமும் வரும்.

மட்டு இரசாயனம்

உண்மை. அதோடு மருந்துகளின் பொதுப்பெயரைப் படியுங்கள், கொம்பனிப் பெயரை அல்ல. பேராசிரியர் சேனக பிபிலே எழுபதுகளில் கொண்டுவந்த மருந்துக் கொள்கையின் அடிப்படையே அது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியதும் அந்த எண்ணத்தில்தான். 2022இல் ஒரு கொம்பனி மருந்து வராதபோது பொதுப்பெயர் தெரிந்தவர்கள் அதே மருந்தை வேறு பெட்டியில் அடையாளம் கண்டார்கள். மற்றவர்கள் 'இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள்.

களுவாஞ்சிக் குயில்

எல்லாருக்கும் மிச்சம் நன்றி. நான் நேற்றுப் போய்க் கட்டார் அண்ணா சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டேன். முதல் கேள்விக்கு உடனே கடிதம் காட்டினார்கள். இரண்டாவதுக்கு 'அது வந்துகொண்டிருக்கு, நீங்க காசைக் கட்டுங்க' என்றார்கள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

கவுண்டர் அண்ணா சொன்ன மாதிரி ஒரு பாமசியில் போய் நின்று பார்த்தேன். மருந்தாளர் ஒரு வயதான அம்மா. ஒரு பாட்டியிடம் 'எப்ப குடிப்பீங்க, சொல்லுங்க பாப்போம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார். பயிலுநராகச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். பெறுபேற்றுத் தாளைக் கொண்டு வா, அறிவித்தலை ஒன்றாக வாசிப்போம் என்றார். வர்த்தமானியையும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன். அம்மாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

அது வரைக்கும் வீட்டில் இருந்து பழக ஏதாவது கணக்குத் தாருங்கள் சேர்.

ஓ.பி.டி. அக்கா

சேருக்கு முன் நான் தருகிறேன், எங்கள் யன்னலுக்கு அடிக்கடி வருவது. துண்டில் ப்ரெட்னிசலோன் காலையில் 30 மில்லிகிராம் 5 நாள், பிறகு 20 மில்லிகிராம் 5 நாள், பிறகு 10 மில்லிகிராம் 5 நாள், அதோடு நிறுத்து. உங்களிடம் இருப்பது 5 மில்லிகிராம் குளிசை மட்டும். எத்தனை எண்ணுவீர்கள்?

களுவாஞ்சிக் குயில்

முதல் ஐந்து நாளும் 6 வீதம் 30. அடுத்து 4 வீதம் 20. கடைசி 2 வீதம் 10. மொத்தம் 60. சரியா அக்கா? 60ஐயும் ஒரு உறையில் போட்டு மேலே மூன்று வரி எழுதுவேன்.

மட்டு இரசாயனம்

கணக்குச் சரி மகள். பயம் எங்கே போயிற்று?

ஓ.பி.டி. அக்கா

எண்ணிக்கை சரி, உறை பிழை. அறுபது குளிசை ஒரே உறையில் இருந்தால் ஆறாம் நாளும் ஆறு போடுவார்கள், அல்லது சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடுவார்கள். அந்த மருந்தை அப்படித் திடீரென்று நிறுத்த விடக்கூடாது. மூன்று உறை எடுங்கள். 30, 20, 10 என்று பிரித்துப் போட்டு 1, 2, 3 என்று பெரிதாக இலக்கம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் காலையில் எத்தனை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, சாப்பிட்ட பிறகு என்று எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் கூட வந்தவரை யன்னலுக்குக் கூப்பிடுங்கள். பெறுபேற்றுத் தாளோடு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் கொண்டுபோங்கள், எப்படியும் கேட்பார்கள்.